ராக்கு பேரைக் கூப்பிடுற பள்ளிக்கூடம்

ரொம்ப ரொம்ப முந்தி, ரோடு வராத காலத்துல, இந்தச் சாத்தனேந்தல்ல காத்தமுத்துன்னு ஒரு மனுசன் இருந்தாராம். எங்க அய்யாவுக்குப் பெரியய்யா முறை. ஒரு காலு சூம்பிப்போன காலு. ஆட்டுக்குப் பின்னாடி நடக்க முடியாது. ஆடு மேய்க்க முடியாதவன இந்த ஊர்ல யாரு மதிச்சா? பொண்ணும் குடுக்கல. வெளியூரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எழுத்துப் படிச்சுக்கிட்டாராம். திரும்பி வந்து ஒரு கூரையப் போட்டு, நம்ம பிள்ளைகளக் கூட்டிவச்சு 'அ' எழுதச் சொன்னாராம்.

ஓலை எத்தன மழைக்குத் தாங்கும்? சிலேட்டும் இல்ல. ஜில்லா போர்டுக்கு மனு எழுதினா கிராண்டுன்னு சர்க்காரு பணம் தருவாகன்னு கேள்விப்பட்டு எழுதிப் போட்டாரு. "பங்குனியில இன்ஸ்பெக்டர் வருவாரு. இருபது பிள்ளைகள நேர்ல பாக்கணும்"னு பதில் வந்துச்சாம்.

இங்கதான் நம்ம ஊருக் கூத்து. மாசி பொறந்தா ஊரே ஆட்டப் பத்திக்கிட்டுக் கெழக்க போயிரும், அறுத்த வயல்ல எருவுக்குக் கிடை போட. குட்டி பாக்கப் பிள்ளைகளும் போயிரும். ஆடியிலதான் திரும்பும்.

"பிள்ளைகள மட்டும் விட்டுட்டுப் போங்கப்பா. கூரை நிக்கணும்னா கிராண்டு வேணும்"னு வீடு வீடாக் கெஞ்சுனாராம்.

"நொண்டி வாத்தியாரே, குட்டிய நீரு வந்து பாப்பீரா?"

சொன்னது வேற யாரும் இல்ல, நம்ம ஆளுகதான். ஒளிச்சு என்ன ஆகப்போகுது?

ஊரு போயிருச்சு. ஊரே காலி. மிச்சம் அவரு ஒருத்தரு. பேச ஆளில்ல. பொங்கித் தின்னுட்டு எத்தன நேரம்தான் கதவையே பாத்துக்கிட்டு இருக்கிறது? அதனால காலையில பள்ளிக்கூடத்துக்குப் போவாராம். ஆஜர்ப் புத்தகத்தப் பிரிப்பாராம். பேரைக் கூப்பிடுவாராம்.

"வெள்ளையன்!" அவரே தொண்டையக் கனமாக்கி, "உள்ளேன் அய்யா." "நாகு!" மூக்கால, "உள்ளேன் அய்யா." ராக்குன்னு ஒரு பிள்ளை. அதுக்கு எப்பவும் பயம், வாத்தியாருக்குக் கேட்டுச்சோ இல்லியோன்னு. ரெண்டு தடவை சொல்லும். அவரும் மெல்லிசா ரெண்டு தடவை சொல்லுவாராம், "உள்ளேன் அய்யா, உள்ளேன் அய்யா."

பங்குனியில இன்ஸ்பெக்டர் வந்தாரு. வெளிய நின்னு கேக்காரு. பிள்ளைக சத்தம். உள்ள வந்து பாக்காரு. ஒத்த மனுசன்.

"ஓய், கிராண்டு வாங்க ஏமாத்துறீரா?"

"இல்லீங்கய்யா. நீங்க இன்னைக்கு வருவீகன்னே எனக்குத் தெரியாது. இதுக பேரைக் கூப்பிடாட்டி எனக்குப் பொழுது போக மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டரு ஆஜர்ப் புத்தகத்த வாங்கிப் பொரட்டிப் பாத்தாராம். அப்புறம் சொன்னாராம், "பிள்ளை இல்லாத பள்ளிக்கூடத்துக்குச் சட்டத்துல எடமில்ல. அடுத்த பங்குனிக்கு வருவேன். அப்பவும் இப்படி இருந்தா, போர்டுக் கணக்குல இருந்து பள்ளிக்கூடத்துப் பேரையே எடுத்துருவேன்."

அப்படியே கெழக்க போனவரு, வழியில ஒரு கிடையில மோரு வாங்கிக் குடிச்சாராம். எந்த ஊருன்னு கேட்டாரு. சாத்தனேந்தல்னாக. "அட, உங்க பிள்ளைக மாதிரியெல்லாம் பேசிக்கிட்டு அங்க ஒருத்தர் தனியா இருக்காரய்யா. அதுல ஒரு பிள்ளை ரெண்டு தடவை சொல்லுது"ன்னு சொன்னாராம்.

மோரு ஊத்துன பொம்பள, ராக்கைப் பெத்த மாரக்கா. ராக்கு காய்ச்சல்ல போயி அன்னைக்கு ஒம்பது நாளு. அங்கனக்குள்ளயே ஒரு வயலோரத்துல பொதைச்சிருந்தாக.

மாரக்கா மோருச் செம்பக் கீழ வச்சா. மிச்சமிருந்த மகனைக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டு நாளு நடந்தா. பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நின்னா. உள்ள, "ராக்கு!" "உள்ளேன் அய்யா, உள்ளேன் அய்யா." அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

"அண்ணே, அவ இல்லண்ணே. இவன் இருக்கட்டும்."

அன்னைக்கு அடுத்த பேரை அவரு கூப்பிடலையாம். நோட்ட மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாராம்.

மாரக்கா திரும்பிப் போயி, கிடை கிடையா ஏறி எறங்கி எல்லாரையும் ஏசினா. "எம்மக குரலு இந்த ஒலகத்துல ஒரு எடத்துலதான் இருக்கு. அந்த எடத்தையும் இடியவிடப் போறீகளா?" மறுவருசம் மாசியில வீட்டுக்கு ஒரு பிள்ளையும், அதுக்குப் பால் கறக்க ஒரு வெள்ளாடும் விட்டுட்டுப் போனாக.

பங்குனியில இன்ஸ்பெக்டர் வந்தாரு. இருபத்தோரு பிள்ளை இருந்துச்சு. கையெழுத்துப் போடப் போனவரு நோட்டுல ஒரு பேரு கூட இருக்கிறதப் பாத்து, யாருன்னு விசாரிச்சுட்டு, "செத்த பிள்ளை பேரு எதுக்கு? அடிச்சிரும், அப்பத்தான் கிராண்டு"ன்னாரு.

காத்தமுத்து அடிக்கல. "கணக்குல சேக்காதீகய்யா. ஆனா நான் கூப்பிடுவேன். அதுக்காகக் கிராண்டு இல்லேன்னு சொன்னா, அந்தக் கிராண்டே வேண்டாம்."

இத்தன நாளு அலைஞ்சு கேட்ட மனுசன், கைக்கு வந்தத வேண்டாம்னு நிக்காரு. இன்ஸ்பெக்டரு அவரு மொகத்தப் பாத்தாராம், பிள்ளைகளப் பாத்தாராம், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாராம். அந்தக் கிராண்டுல போட்ட ஓடுதான் இப்ப பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கிற இந்த ஓடு.

அன்னையிலருந்து நம்ம பள்ளிக்கூடத்துல முதப்பேரு ராக்கு. பிள்ளைக யாரும் வாயத் தெறக்கக் கூடாது. கூப்பிட்ட வாத்தியாருதான் பதிலும் சொல்லணும். இந்த ஆனியில புதுசா வந்த டீச்சரு மொதநாளு ராக்கு பேரைக் கூப்பிட்டுட்டு, நாங்க வழக்கத்தச் சொல்லிவச்சிருந்தும் கூச்சத்துல நின்னுருச்சு. பிள்ளைக எல்லாம் அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சுக. ஒண்ணுகூட அசையல. பெறகு தலையக் குனிஞ்சுக்கிட்டு மெல்லச் சொல்லிருச்சு, ரெண்டு தடவை.