சூட்டுச்சுவர்

1998 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை மாலை, எஸ்தோனியாவில் வோரு நகருக்குத் தெற்கே கார்னிமே என்னும் ஊரில், அர்வெட்டின் வீட்டுச் சுவருக்குள் ரயில் ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வெளியே குளிர் மைனஸ் இருபத்திரண்டு.

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். அர்வெட்டின் மனைவி மைமுவும் இப்படித்தான் கொஞ்சம் கசப்பாகப் போடுவார்.

திங்கள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் புகைபோக்கி துடைப்பவன் நான் ஒருவன்தான். எங்கள் தொழில்காரனின் கோட்டுப் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். கடைக்குப் போனாலும் யாராவது தொட்டுவிட்டுப் போவார்கள்.

“வா ஹெல்துர். தொட்டுத் தொட்டே உன் பொத்தானை ஊரு பளபளன்னு ஆக்கிடுச்சு. அதுல முகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம் போல,” என்றார் அர்வெட்.

“நீ தொடாமத்தான் உனக்கு வழுக்கை விழுந்துச்சு,” என்றேன்.

“கிண்டலெல்லாம் அப்புறம்,” என்றார் மைமு. “நேத்து சுவரு உறுமுச்சு ஹெல்துர். உள்ள தீ புடிச்சிருந்தா மறைக்காம சொல்லிடு. வோருவுல தங்கச்சி வீடு இருக்கு, போயிடறோம்.”

கூரையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. புகைபோக்கியைச் சுற்றிப் பனிமேல் கரித்துண்டுகள் நெல்பொரி போல ஊதிக் கிடந்தன. உள்ளே படிந்த கரிப்பிசின் தீப்பிடித்து எரிந்தால்தான் அப்படி ஊதும். கையால் பனியை வாரி அவற்றை மூடினேன்.

பிறகு முறைப்படி சோதித்தேன். புகைபோக்கியின் வாயில் ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன். கீழே வந்து அடுப்பில் நனைந்த வைக்கோலைக் கொளுத்தினேன். வெளியேற வழியில்லாத புகை, விரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே வரும். எங்கள் வீடுகளில் சமையலறை அடுப்பின் புகை நேராக மேலே போகாது. படுக்கையறைச் சுவருக்குள் வளைந்து வளைந்து ஓடி, சுவரைச் சூடாக்கிவிட்டுத்தான் கூரைக்குப் போகும். கட்டிலை அந்தச் சுவரை ஒட்டித்தான் போடுவோம். அவர்கள் இருவரும் சமையலறையில் இருந்தபோது, அர்வெட்டின் கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன். தலையணை உயரத்தில் ஒரு விரிசல். அதிலிருந்து புகை நூல்போல வந்தது. ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றி, கூரையேறிச் சாக்கையும் எடுத்தேன். கம்பளத்தைப் பழையபடி தொங்கவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அக்டோபரில் அந்தப் புகைபோக்கியைத் துடைக்க வந்தபோது மழை. கூரை வழுக்கியது. மேலே ஏறாமல், கீழே கைக்கு எட்டியதை மட்டும் துடைத்துவிட்டு, ஆப்பிள் கேக் சாப்பிட்டுப் போய்விட்டேன். முழுவதும் துடைத்தாயிற்று என்று சொல்லியிருந்தேன். இப்போது தீ என்று சொன்னால் ஏன் தீ என்று கேட்பார்கள். என் உரிமம் போனால் இத்தனை ஊர்களின் புகைபோக்கிகளை யார் பார்ப்பது? நான் என்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

“தீயெல்லாம் ஒண்ணுமில்ல மைமு. காத்து. இந்தக் குளிருக்கு இழுப்பு ஜாஸ்தி.”

“அப்போ பத்தவைக்கலாமா?”

“தாராளமா. தங்கச்சி வீட்டுல போய் எதுக்கு அவஸ்தை?”

“நான் அப்பவே சொல்லல?” என்றார் அர்வெட். “இவ பேச்சைக் கேட்டிருந்தா சகலையோட குறட்டைக்குப் பக்கத்துல படுத்திருக்கணும்.”

மைமு சிரிக்கவில்லை. “எதுக்கும் தகட்டை ராத்திரி முழுக்கத் திறந்தே வைக்கிறேன். சூடு போனாப் போகுது,” என்றார். வாசலில் என் பொத்தானைத் தொட்டார்.

தகடு என்பது புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகடு. சூடு வீணாகிறதே என்று, கங்கின்மேல் நீலச்சுடர் ஓடும்போதே அதைத் தள்ளி மூடிவிடுபவர்கள் உண்டு. வாசனையில்லாத நச்சுப்புகை வீட்டில் நிறையும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் பக்கம் யாராவது இப்படிச் சாகிறார்கள். யாரும் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை.

செவ்வாய் காலை ஒரு வாளியில் களிமண்ணோடு போனேன். மைமு பால் வாங்கப் போகும் நேரத்தில், ஏதாவது சாக்குச் சொல்லி விரிசலைப் பூசிவிடலாம் என்று எண்ணம். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நல்லது செய்யத்தான் போனேன்.

தட்டினேன். பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. அர்வெட் கட்டிலில், சுவர்ப்பக்கம் முகம் திருப்பியபடி இறந்து கிடந்தார். மைமு படுக்கையறை வாசற்படியில் குப்புற விழுந்திருந்தார். மூச்சு இருந்தது. கன்னங்கள் நல்ல சிவப்பாக இருந்தன. அந்தப் புகை அப்படிச் செய்யும்.

தகட்டைப் பார்த்தேன். சொன்னபடியே முழுக்கத் திறந்து வைத்திருந்தார். தகடு திறந்திருந்தால் தவறு சுவரில். சுவர் என்றால் நான். ஆகவே அதைத் தள்ளி மூடினேன்.

தொலைபேசி முன்னறையில்தான் இருந்தது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் பிறகு சுவரைப் பூச முடியாது. வாசற்கதவைத் திறந்து வைத்தேன். மைமுவுக்கு அந்தக் காற்று போதும் என்று நினைத்தேன். அவரைத் தாண்டிப் போகையில் அவர் கை என் கோட்டைப் பிடித்தது. பாவம், அதிர்ஷ்டத்துக்காக இருக்கும். மெதுவாக விலக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று மறுபடி கேட்கிறீர்கள். களிமண்ணை நன்றாகப் பிசைய வேண்டும். மணல் கூடினால் உதிரும், நீர் கூடினால் காயும்போது பிளக்கும். சூடான சுவரில் இரண்டு பூச்சாகப் பூச வேண்டும், முதல் பூச்சு இறுகிய பிறகே இரண்டாவது. ஈரத்துணியால் வழித்துவிட வேண்டும். பின்னால் மைமு மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கிறவரை பயமில்லை என்று இருந்தேன். கையைக் கழுவிவிட்டு, வாசற்கதவைச் சாத்திவிட்டு, தொலைபேசியில் கூப்பிட்டேன்.

அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மதியம் மைமு இறந்தார். மூடிய கையைத் தாதி பிரித்தபோது உள்ளே என் பித்தளைப் பொத்தான் இருந்ததாம். கடைசிவரை என்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்கிறது.

நேற்று உங்கள் ஆட்கள் அந்தச் சுவரை உடைத்துப் பார்த்தார்கள். என் பூச்சில் ஒரு பிளவும் இல்லை.