நீலத் தொட்டியில் முதல் தட்டு

ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கல்லூரி மாணவிகள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள், "கிட்ட வராதடி, குப்பைத்தொட்டி கழுவின கை" என்றாள்.

"நீ எதுக்குடி கழுவின?"

"பேப்பர் போடுற நீலத் தொட்டிக்குப் பொட்டு வெச்சு, தேங்காய் உடைச்சு பூஜை போட்டாங்கல்ல? ஹெச்.ஓ.டி. சார்தான் மொதக் குப்பையப் போட்டு ஆரம்பிச்சு வெச்சாரு. சக்கரைப் பொங்கல் தின்ன தட்டு, மிச்சத்தோட. நாங்க எல்லாம் கைதட்டினோம்."

"அப்புறம்?"

"அதுமேல விழுந்த பேப்பரெல்லாம் நெய்யில ஊறிருச்சு. பழைய பேப்பர்க்காரரு எடுக்க மாட்டேன்னுட்டாரு. யார் இப்படிப் போட்டதுன்னு அதே சார் இன்னிக்கு எங்களை நிக்க வெச்சுக் கேட்டாரு."

"சொல்லிட்டியா?"

"நான்தான் சார்னு சொல்லிட்டேன். இன்டர்னல் மார்க் அவரு கையிலதானே இருக்கு."