துளசித் தேநீரும் ‘இல்லை’ என்று நான் எழுதிய கட்டமும்

இலை உலரும் இந்தக் கூடத்தை இன்று அவையாக்கி, அந்த அவைக்கு அணியாக வீற்றிருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அம்மா அவர்களே! ஆண்டுகளால் மூத்து, அனுபவத்தால் முதிர்ந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வெயில் ஏறுமுன் இலை பறித்து, நிழல் பார்த்து அதை விரித்து, வீட்டையும் வேலையையும் ஒருசேரத் தாங்கும் தாய்மார்களே! பெட்டி ஏற்றும் ஓட்டுநர்களே, பெயர் சொல்லி விற்கும் கடைக்காரர்களே! உடலால் இங்கே நின்று, உள்ளத்தால் வேறோரிடத்தில் இருக்கும் இந்த வழக்கறிஞனைப் பொறுத்தருளப்போகும் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த மேசைமீது என் கைபேசி மல்லாந்து கிடக்கிறது. கூட்டங்களில் கைபேசியை அணைத்துவைக்க வேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்தவனே நான்தான். இன்று அந்த விதியை மீறுகிறேன். ஏன் மீறுகிறேன் என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என்ன ஐயா? பின்வரிசையில் ஏதோ சொல்கிறீர்கள். “வக்கீல் சார், சீக்கிரம் முடிங்க, டீ ஆறுது!” என்கிறீர்களா? ஆறட்டும் ஐயா. ஆறிய தேநீரை மீண்டும் சூடாக்கலாம். நான் சொல்லவந்ததை நாளைக்குச் சொன்னால் பயனில்லை.

உங்கள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு டம்ளர் இருக்கிறது. அதில் இருப்பது இந்தச் சங்கத்தின் துளசித் தேநீர். கொதிக்கும் நீரில் இலையிட்டு, மணம் பறந்துவிடாமல் மூடிவைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து வடித்த தேநீர். தொண்டை கரகரத்தவர்க்கு இதமல்லவா? சளி பிடித்து மூக்கடைத்த காலையில் இதன் ஆவியே ஆறுதலல்லவா? இஞ்சி தட்டி, மிளகு நுணுக்கி, ஒரு துளி தேன் சேர்த்து இருமலுக்குக் கொடுக்காத வீடு உண்டா? தேயிலையைப் போல இது தூக்கத்தைக் கெடுப்பதில்லை. மனப் பதற்றம் தணிகிறது என்றும், சர்க்கரை சற்றே குறைகிறது என்றும் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. ‘சிறிய’ என்றேன், ‘சில’ என்றேன். இரண்டு சொற்களையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வழக்கம் ஒன்று சொல்லும். ஆய்வு ஒன்று சொல்லும். நிரூபணம் இரண்டுக்கும் பிறகு மெதுவாக வரும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் அக்காவும் இப்படித்தான் சிரிப்பார். “இவன்கிட்ட மணி எத்தனைன்னு கேட்டா, எந்தக் கடிகாரப்படின்னு கேப்பான்” என்பார்.

என் அக்காவை அறியாதவர் இங்கே எவர்? ‘டேஸ்ட் அக்கா’ என்று நீங்கள் அழைக்கும் அதே அக்காதான். இலை ஒவ்வொரு முறை உலர்ந்து முடிந்ததும், அதில் ஒரு பிடி எடுத்து, இரு மடங்கு கெட்டியாகக் கொதிக்கவைத்து, ஒரு டம்ளர் முழுவதும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘பெட்டியில் போடு’ என்பார். துப்பிவிட்டுச் சுவை சொல்வதை அவர் ஏற்றதே இல்லை. “வாங்குறவங்க துப்பவா போறாங்க? நானும் முழுங்கித்தான் பாக்கணும்.” ஆகவே ஒரு நாளைக்கு எட்டு டம்ளர், ஒன்பது டம்ளர். ஆண்டுகள் பதினொன்று.

அந்த அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தற்போது உட்கொள்ளும் மருந்துகள்’ என்று அதில் ஒரு கட்டம். பேனா என் கையில். அக்கா பக்கத்தில்.

“டேய் தம்பி, துளசி டீய எழுதணுமாடா?”

“அது மருந்தா அக்கா? ‘இது பானம் மட்டுமே, மருந்தன்று’ன்னு உங்க பெட்டியில எழுதிக் கொடுத்ததே நான்தானே?”

“இல்லடா, இவ்வளவு குடிக்கிறேனே...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காதத நீயா சொல்லாத.”

தாய்மார்களே! இருபத்தாறு ஆண்டுகளாகச் சாட்சிக் கூண்டில் ஏறும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. நீதிமன்றத்தில் அது காக்கும். எதிரே நிற்பவர் எதிராளி என்பதால் காக்கும். மருத்துவர் எதிராளியா? செவிலியர் குறுக்கு விசாரணை செய்கிறாரா? அந்த ஒரு வேறுபாட்டை நான் அன்று யோசிக்கவில்லை. ‘இல்லை’ என்று அழகாக, அழுத்தமாக எழுதி, கீழே கோடும் இழுத்தேன்.

அறுவை சிகிச்சை அன்று காலை. பச்சை உடை மாட்டி, கையில் ஊசி குத்தி, அக்காவைத் தள்ளுவண்டியில் ஏற்றியாயிற்று. பையை என்னிடம் ஒப்படைக்கவந்த செவிலியர் உள்ளே இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார்.

“இதுல என்னம்மா?”

“துளசி டீம்மா. முழிச்சதும் குடிக்கலாம்னு.”

“தெனமும் குடிப்பீங்களா?”

“குடிக்கிறதா? அதான் என் வேலையே! எட்டு ஒம்பது டம்ளர் போகும்.”

செவிலியரின் முகம் மாறியது. தள்ளுவண்டி நின்றது. மருத்துவர் வந்தார். இவ்வளவு கெட்டியாக இவ்வளவு அளவில் குடித்தால் இரத்தம் உறைவது தாமதமாகக்கூடும், மயக்க நிலையில் சர்க்கரையும் இறங்கக்கூடும் என்றார். ‘கூடும்’ என்றுதான் அவரும் சொன்னார், என்னைவிடக் கவனமானவர். உறுதியில்லாத ஒன்றை வைத்துக் கத்தி எடுக்க மாட்டேன், இரண்டு வாரம் இதை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். பிறகு படிவத்தை என்னிடம் நீட்டினார்.

“நீங்க வக்கீலா சார்? எழுத்தப் பாத்தாலே தெரியுது. மருந்தா இல்லையான்னு தீர்ப்பு கேட்கல சார். உள்ள என்ன போகுதுன்னு கேட்டேன்.”

படிவத்தை வாங்கி, நான் இழுத்த அந்தக் கோட்டை நானே ஒருமுறை படித்தேன்.

அந்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று தெரியுமா? வலி இரண்டு முறை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து, வெளுத்து நின்றார் அக்கா. பித்தப்பை வீங்கிவிட்டால் நாள் பார்க்க நேரமிருக்காது, உடனே தூக்கிவர வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார் மருத்துவர். நாளைக் காலை அறுவை. இன்று மாலை சேர்க்க வேண்டும். இடையில் வலி வந்தால் அக்காவின் கணவர், என் மாமா, அழைப்பார். அதற்காகத்தான் இந்தக் கைபேசி மல்லாந்து கிடக்கிறது. இதுவரை ஒலிக்கவில்லை. ஒலிக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் நன்றி சொல்லிக்கொண்டே பேசுகிறேன்.

இன்று நான் இங்கே புறப்படும்போது அக்கா ஒன்று சொன்னார்: “நான் தப்பிச்சேன்டா, அந்தப் பொண்ணு பையத் திறந்ததால. எல்லார் பையையும் யார் திறப்பா? பெட்டியில நீ எழுதினத மாத்தாம என்னப் பாக்க வராத.”

நாளைக் காலை இந்தக் கூடத்திலிருந்து நாலாயிரம் பெட்டிகள் வண்டியேறுகின்றன. ஒவ்வொன்றிலும் என் பழைய வாக்கியம். இன்னொரு வாக்கியம் சேர்க்கும்படி தலைவர் அம்மாவிடம் வேண்டினேன். அம்மா அன்போடு மறுத்தார்கள். “தம்பி, டீ குடிக்கக் கூப்பிடுறோமா, கோர்ட்டுக்குக் கூப்பிடுறோமா? பயந்துடுவாங்கப்பா.” அந்தக் கவலையும் நியாயமானதே. இந்தத் தேநீர் பல குடும்பங்களின் அடுப்பை எரிக்கிறது. ஆகவே நான் வாதாடப்போவதில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன்.

இந்தத் தேநீரை நாள்தோறும் குடிப்பவர்கள் கை தூக்குங்கள். அடடா, கூடமே தூக்குகிறதே! இறக்காதீர்கள். சர்க்கரைக்கோ, இரத்தக் கொதிப்புக்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ தினமும் மாத்திரை விழுங்குபவர்கள், கருவுற்றிருப்பவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள், மற்றவர்கள் இறக்கலாம். பாருங்கள். பாதிக் கூடம் இன்னும் கை தூக்கி நிற்கிறது. கடைசிக் கேள்வி. இந்தத் தேநீர் குடிப்பதை உங்கள் மருத்துவரிடம் சொன்னவர்கள் மட்டும் வைத்திருங்கள்.

ஒரு கை. ஒரே ஒரு கை! ஓட்டுநர் ஐயா, நீங்களாவது சொன்னீர்களே, வாழ்க! என்ன? “இல்ல சார், இறக்க மறந்துட்டேன்” என்கிறீர்களா?

சிரிப்பு வருகிறது, எனக்கும் வருகிறது. ஆனால் இந்தச் சிரிப்புக்குள் ஒரு சில்லிப்பு இல்லையா? இத்தனை பேரும் பொய் சொன்னீர்களா? இல்லை. மறைத்தீர்களா? இல்லை. எவரும் கேட்கவில்லை, ஆகவே நீங்களும் சொல்லவில்லை. அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே பாடம்!

அஞ்சி இந்த டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அளவோடு குடியுங்கள்; அறிவித்துக் குடியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். மருத்துவர் கேட்டால் சொல்லுங்கள்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்; கேட்க மறந்தால் கட்டாயம் சொல்லுங்கள்!

பொறுங்கள். தலைவர் அம்மா ஏதோ சொல்கிறார்கள். இரண்டாம் கேள்விவரை அம்மாவின் கையும் மேலேதான் இருந்தது. பார்த்தேன், சொல்லத் தயங்கினேன். அம்மாவே ஒலிபெருக்கியைக் கேட்கிறார்கள்.

“எனக்குக் காலைல ரெண்டு மாத்திரை, ராத்திரி ஒண்ணு. டாக்டர்கிட்ட நானும் சொல்லல. அந்த வாக்கியத்தப் படிங்க தம்பி.”

படிக்கிறேன் அம்மா. “மாத்திரை எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் இதைக் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.” இவ்வளவுதான்.

“பெரிய எழுத்துல அடிங்க. அந்தச் சீட்ட ஒட்டாம ஒரு பெட்டிகூட வண்டி ஏறாது.”

இந்தக் கைத்தட்டல் எனக்குரியதன்று; பை திறந்த அந்தச் செவிலியருக்கும், பிளாஸ்க்கை மறைக்காத என் அக்காவுக்கும் உரியது. முதல் சீட்டை என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டு, அந்தப் பெட்டியோடு மருத்துவமனைக்குப் புறப்படுகிறேன். இன்று மாலை அதே படிவத்தை மீண்டும் தருவார்கள். அதே கட்டம் இருக்கும். எட்டு டம்ளர், இரு மடங்கு கெட்டி, பதினொரு ஆண்டு, நிறுத்திப் பதின்மூன்று நாள் என்று எழுதுவேன். கட்டம் போதாவிட்டால் பக்கத்தின் பின்புறமும் எழுதுவேன்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், உண்மையோடு உயர்ந்த கைகளுக்கும், ஆறிப்போன தேநீரை மன்னித்த உள்ளங்களுக்கும் நன்றி கூறி, என் அக்காவுக்காக ஒரு நொடி நினைத்துக்கொள்ளுமாறு வேண்டி விடைபெறுகிறேன். வணக்கம்.