ஒரு பக்கத்து மீசை

— அசையாமப் புடி பொன்னுத்தாயி! கண்ணாடி ஆடுனா கத்தி எங்குட்டுப் போகுதுன்னே தெரியல.

— கண்ணாடி ஆடலைங்க. ஒங்க கைதான் ஆடுது. பேசாம அந்தக் கத்திய மடக்கி உள்ள வையிங்க. கருத்தையா வந்து செரைச்சு விடட்டும்.

— அவரு எங்குட்டு வர? கானாடுகாத்தான்ல செட்டியார் வீட்டுக் கல்யாணம்னு விடியக்காலமே பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. நாளான்னிக்குத்தான் வருவாராம்.

— அதுக்காக நீங்களே செரைச்சுக்கிறதா? ஒரு நாளாச்சும் கத்தியத் தொட்டிருக்கீகளா?

— நாளைக்கு ஏந் தங்கச்சிக்குக் கல்யாணம்டி. அய்யா எடத்துல நாந்தான் நின்னு தாரை வாக்கணும். ஒரு வாரத் தாடியோட நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக?

— மாமா மட்டும் மலாயாவுலேருந்து வந்திருந்தா இந்தக் கவலையே இல்ல.

— அய்யா வரத்தான் தவியாத் தவிச்சாரு. பாஸ்போட்டு கைக்கு வரல, ஈப்போ கடையில லீவும் குடுக்கலைன்னு எழுதியிருந்தாருல்ல. போன தீவாளிக்கு அவரு அனுப்புன கத்தியாச்சும் இன்னைக்கு ஒதவுதே.

— நல்லா ஒதவுது! கன்னமெல்லாம் ரத்தம்.

— ரெண்டே கீறல். படிகாரத்தத் தேச்சா நின்னுரும். கருத்தையா பண்றத எத்தன வருசமாப் பாத்திருக்கேன்! தோல இழுத்துப் புடிக்கணும், கத்தியப் படுக்க வைக்கணும், அழுத்தக் கூடாது. அம்புட்டுத்தான். பாரு, வலப்பக்கம் முடிஞ்சுச்சு. எப்புடி இருக்கு?

— கருது அறுத்த வயக்காடு மாதிரி அங்கங்க தாள் நிக்குது.

— நக்கலு! சரி, இந்த எடப்பக்கத்துக்கு எப்புடித்தான் கையக் கொண்டுபோறது? மூக்கு குறுக்க வருது.

— மூக்கையும் சேத்துச் செரைச்சுப்புடாதீக.

— சிரிக்க வைக்காதடி, கத்தி வாய்க்கிட்ட இருக்கு... ஆ!

— என்னங்க? வெட்டிருச்சா?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாமயா வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறீக? கைய எடுங்க. எடுங்கன்றேன்ல! அய்யோ... அய்யய்யோ, மீசை!

— கத்தாத! ஓரத்துல கொஞ்சூண்டு போயிருச்சு.

— கொஞ்சூண்டா? ஒரு பக்கத்துல பாதியக் காணோம்!

— அந்தப் பக்கமும் கொஞ்சம் ஒதுக்கி விட்டாச் சரியாப் போயிரும். கண்ணாடியப் புடி.

— வேணாங்க. சாமி சத்தியமா வேணாம்.

— புடிடின்னா! ம்... இப்பப் பாரு.

— இப்ப இந்தப் பக்கம் ரொம்பக் கொறைஞ்சு போச்சு.

— இப்ப?

— என்னத்தச் சொல்ல? மூக்குக்குக் கீழ ஈ ஒக்காந்த மாதிரி இருக்கு.

— சே! இந்தக் கோலத்துல நிக்கிறதுக்கு எடுத்தே போடலாம். இந்தா, வழிச்சாச்சு. போ.

— அட பாவி மனுசா! என்ன காரியம் பண்ணிப்புட்டீக? பெத்த அய்யா உசுரோட இருக்கையில எந்த மகனாச்சும் மீசைய எடுப்பானா?

— எனக்குத் தெரியாதா? கை வழுக்கிருச்சுடி. வேணும்னா செஞ்சேன்?

— அத நாட்டரசன்கோட்டை மாப்பிள்ளை வீட்டுச் சனத்துக்கிட்டச் சொல்லுங்க! நாளைக்குப் பந்தல்ல எல்லாரும் ஒங்க மூஞ்சியத்தான பாப்பாக? அப்பனுக்குக் கொள்ளி வச்ச மொகத்தோட தாரை வாக்க வந்துட்டான்னு எந்திரிச்சுப் போயிட்டாகன்னா என்ன பண்ணுவீக? மூணு வருசமா அலைஞ்சு கெடச்ச வாத்தியார் மாப்பிள்ளைங்க. முத்தழகு நெலமைய நெனச்சுப் பாத்தீகளா?

— பயமுறுத்தாத பொன்னுத்தாயி. ஏதாச்சும் ஒரு வழி சொல்லேன்.

— ராத்திரிக்குள்ள மொளைக்க அது என்ன வெந்தயக் கீரையா? போச்சு... அத்தை வர்றாக.

— துண்டக் குடு. துண்ட எடுத்துக் குடுடி!

— டேய் சேவுகா, பந்தக்காரன் வந்து மூங்கிலோட நிக்கிறான். நீ இங்க உள்ள என்னடா பண்ற? ஏன் மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிற?

— சும்மாதான் ஆத்தா. மொகங் கழுவுனேன்.

— துண்ட எடு.

— நீ போ, நா பின்னாலயே வாரேன்.

— எடுடான்னா!

— இந்தா, பாத்துக்க.

— அத்தை! அத்தை, விழுந்துறாதீக! இப்புடி ஒக்காருங்க. என்னங்க, மரமா நிக்கிறீகளே, தண்ணி கொண்டாங்க!

— தண்ணி வேணாம். யாருடா சொன்னா ஒனக்கு?

— யாரும் சொல்லல ஆத்தா. நானாத்தான் செஞ்சேன். புத்தி கெட்டுப் போச்சு.

— யாருடா சொன்னான்னு கேக்குறேன்! ஈப்போக் கடை மொதலாளி வீட்டுத் தேனம்மை ஆச்சியா? தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு ஏன் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுச் சொன்னாகளே! இல்ல, அந்த வீட்டு வேலக்காரன் எவனாச்சுமா? ஒரு நா... ஒரே ஒரு நா பொறுக்க முடியலையாடா ஒன்னால?

— ஆத்தா, நீ என்ன பேசுற? கத்தி வழுக்கிருச்சு. ஒரு பக்கம் போச்சு, அதச் சரி பண்ணப் போயி எல்லாம் போச்சு. இவளக் கேளு.

— ஆமா அத்தை. நாந்தான் கண்ணாடி புடிச்சேன்.

— வழுக்கிருச்சா?

— சத்தியமா ஆத்தா.

— அப்ப... ஒனக்குத் தெரியாதா?

— என்னது தெரியாதா? ஆச்சி திங்கக்கெழம ஒன்னயக் கூப்புட்டது முத்தழகுக்குச் சேலை குடுக்கத்தானே? நீதான அப்புடிச் சொன்ன? ஆத்தா, ஏன் என்னய அப்புடிப் பாக்குற? ஈப்போவுலேருந்து ஏதாச்சும் தந்தி வந்துச்சா?

— பொன்னுத்தாயி, கதவச் சாத்து. முத்தழகு பக்கத்துலதான் மருதாணி வச்சுக்கிட்டு இருக்கா.

— ஆத்தா, சொல்லு! அய்யாவுக்கு என்ன?

— சத்தம் போடாதடா, ஒன்னயக் கும்புடுறேன். துண்ட வாயோட சேத்துக் கட்டிக்க, யாரு கேட்டாலும் பல்லு வலின்னு சொல்லு. நாளைக்கு அவ கழுத்துல தாலி ஏறட்டும், பொறகு மூணு பேரும் ஒக்காந்து வாய்விட்டு அழுவோம். நாலு நாளா நானும் தலை நெறையப் பூவ வச்சுக்கிட்டுத்தானடா திரியிறேன், ஒங்க அய்யாவப் பறிகுடுத்துட்டு.