ஞானப்பூ மெட்டு

பாலம் வருவதற்கெல்லாம் ரொம்ப முந்திய காலம். கொள்ளிடம் கடலில் விழுவதற்கு இரண்டு கல் மேலே நாணற்குடி, எங்கள் ஊர். அந்த ஊர் ஓடத்துக்குச் சுக்கான் பிடித்தவள் ஒரு பெண்பிள்ளை, பேர் ஞானப்பூ. பெண்பிள்ளையா என்று இழுக்காதீர்கள். வேதக்கோயில் பதிவேட்டில் இருக்கிறது. கறையான் தின்றது போக 'ஞானப்' வரைக்கும் வாசிக்கலாம்.

அவளுடைய அப்பா உபதேசியார் அருமைநாதர். ஜெர்மன் தேசத்தில் ஏதோ ஒரு போர்க்காலத்தில் ஒரு லுத்தரன் போதகர் மாலைப் பாட்டு ஒன்று எழுதினாராம். அதைத் தமிழில் செய்தவர் இவர்தான்.

பொழுது இறங்குது கர்த்தாவே,
பழுது பொறுத்தருள்வீரே...

இந்த எதுகைக்காக மூன்று நாள் பட்டினி கிடந்தார் என்பார்கள். மிகை, ஒரு வேளைதான். அந்தப் பாட்டுக்கு மேல்நாட்டில் ஐந்து மெட்டு உண்டாம். அருமைநாதருக்கோ அதில் ஒன்றுகூடத் தெரியாது. அதனால் மகளே துடுப்பு வலிக்கிற தாளத்தில் ஒரு மெட்டுக் கட்டினாள். அப்பா கண்மூடிய பிறகும், சாயங்கால ஆராதனையில் அந்தப் பாட்டை எடுத்துக்கொடுத்தவள் அவள்தான்.

பிறகு வந்தார் கிரோனர் ஐயர், வெள்ளைக்காரப் போதகர். நல்ல மனுஷர், ஆனால் சுரப் புத்தகத்தோடு வந்துவிட்டார். அதில் அந்தப் பாட்டின் மேல்நாட்டு மெட்டு இருந்தது; ஒவ்வோர் அடியின் முடிவிலும் புருவமும் கண்மணியும் போல ஒரு குறி. குறி வந்தால் குரலை நீட்டி அசையாமல் நிற்கவேண்டும். ஞானப்பூவின் ஓடத்துத் துடுப்புக்காரர் நால்வரையும் பாடகர் குழுவாக்கி மாதக்கணக்கில் பழக்கினார்.

"குறியில் நில்! உடம்பும் நிற்கட்டும், மனமும் நிற்கட்டும்!"

அவர்களும் நின்றார்கள். அப்புறம் ஞானப்பூவைக் கூப்பிட்டார்.

"ஓடக்காரர் மெட்டை ஆண்டவருக்குப் பாடலாகாது. இனிப் பாடினால் உனக்குத் திருவிருந்து இல்லை."

அப்பமும் ரசமும் தருகிற அந்தத் திருவிருந்து வருஷத்துக்கு நாலு தடவைதான். அடுத்தது வருகிற ஞாயிறு.

"சரிங்க ஐயரே. அந்த மெட்டுக்கு இனி வாய் திறக்கலை."

வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவை இரண்டாம் தடவை அடக்கம் பண்ணின மாதிரி இருந்ததாம் அவளுக்கு.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம், ஐயர் அக்கரையிலிருந்து திரும்புகிறார். ஆற்றில் புதுவெள்ளம். நடு ஆற்றில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பாடுங்கள்!"

பாடினார்கள். முதலடி முடிந்தது, குறி வந்தது. நாலு துடுப்பும் அந்தரத்தில் நின்றன! ஓடம் கடலைப் பார்த்துச் சறுக்கியது. இரண்டாமடி, மறுபடி குறி, மறுபடி சறுக்கல்.

"நிறுத்தாதே, சாலொமோன்! வலி!" என்று முதல் துடுப்புக்காரனைப் பார்த்துக் கத்தினாள் ஞானப்பூ.

"குறி போட்டிருக்குதக்கா!"

"குறியாவது வெறியாவது, கடல் தெரியுது பாரு!"

ஐயரும் பார்த்தார். கூடப் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை விட்டுவிட்டு ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பாட்டு நின்றதும் நாலு பேரும் நாலு தாளத்தில் வலித்தார்கள். துடுப்போடு துடுப்பு மோதியது. ஓடம் சுற்றியது. அலைச்சத்தம் காதில் விழுந்தது.

நால்வரையும் ஒன்றாக வலிக்கவைக்க ஒரே வழிதான் உண்டு. அது அவளுக்குத் தெரியும். வாய் திறந்தால் நாளைக்குத் திருவிருந்து இல்லை, அதுவும் தெரியும்.

திறந்தாள்.

'பொழுது இறங்குது' என்று எடுத்தாள். 'கர்த்தாவே'யில் நிற்கவில்லை, அதன் வாலைப் பிடித்தே 'பழுது' வந்தது. நாலு முதுகும் சேர்ந்து குனிந்தன, சேர்ந்து நிமிர்ந்தன. பாட்டு முடிந்தால் தலையிலிருந்து தொடங்கினாள். முடிந்தால் மறுபடி தலையிலிருந்து. இப்படி ஏழு தடவை என்பார் சிலர், பதினொன்று என்பார் சிலர்; ஓடத்தில் இருந்தவர்கள் எண்ணவில்லை. துறைக்கு அரைக்கல் கீழே, நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்து ஓடம் நின்றது.

மறுநாள் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வாக்குத் தப்பியவள், பீடத்துக்குப் போகவில்லை. ஐயர் பாத்திரத்தைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஞானப்பூ, முதலில் நீ வா."

சபையே திரும்பிப் பார்க்க, அவள் நடந்து போனாள்.

ஆராதனை முடிந்ததும் பென்சிலோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாராம் ஐயர்.

"பாடு, எழுதிக்கொள்கிறேன். மூச்சு எந்த இடத்தில் வாங்குகிறாய்?"

"கரையிலேதாங்க ஐயரே."

அப்படியே எழுதிவைத்தார். மேல்நாட்டார் மெட்டு ஐந்து என்றால், ஆறாவது எங்களுடையது. இன்றைக்கும் நாணற்குடிக் கோயிலில் மாலைப் பாட்டின் முன்சரணங்களை ஐயர் மெட்டில், குறிக்குக் குறி குரலை நிறுத்தி, உட்கார்ந்தபடி பாடுவோம். கடைசிச் சரணம் வந்ததும் பெண்கள் எழுந்து எடுத்துக்கொடுப்பார்கள். அதில் குறிக்காக யாரும் நிறுத்துவதில்லை. ஆர்மோனியக்காரர் குறியில் நிறுத்தினாலும் அவரை விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஓடம் ஒதுங்கிய இடத்தைப் பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். அதற்குப் பேர் மூச்சுத்துறை.