ஒரு குளிர்காலத்துக்கு வந்தவர்கள்

ஜூலை 8, காலை 9.20, விடாத சாரல். கள்ளிக்காடு பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சரித்திர டீச்சர்.

“கொழுந்தன் குடும்பத்தோட வாறானாம், டீச்சரே. வீடு இடிஞ்சுபோச்சு, இந்த மழைக்காலம் மட்டும் எண்ணு சொல்லுதான். எனக்கு நம்பிக்கை இல்ல.”

“அமெரிக்காவில அரப்பஹோ பழங்குடி மக்களும் பகையாளி ஷோஷோனிகளுக்க நிலத்துக்கு ஒரு குளிர்காலத்துக்குத்தான் வந்தாங்க.”

“திரும்பிப் போனாங்களா?”

“இன்னும் அங்கதான் உண்டு.”

“பாத்தியளா! நான் சொன்னேனில்லா!”

“கொண்டு விட்டது பட்டாளமாக்கும். அவங்க நிலத்தை வெள்ளைக்காரன் பிடிச்சுட்டான். பின்ன எங்க போவாங்க?”

மற்றவள் சாரலுக்கு ஜன்னல் ஷட்டரை இறக்கினாள்.

“அப்போ மாடியில உள்ள மேல்முறியில தனி அடுப்பு போட்டுக் குடுக்கணும். மழையோட போற கூட்டமில்ல அது.”

இதைக் கேட்கக் காத்திருந்து ஒற்றசேகரமங்கலத்தில் இறங்கத் தவறினேன். திரும்பிவர ஆட்டோவுக்கு நாற்பத்தைந்து ரூபாய்.