பந்திக்கு ஐம்பது பேர்

அன்பால் இந்த அவையை ஆண்டுகொண்டிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மேன்மைமிகு பெரியோர்களே! சாரலில் நனைந்து வந்து, முந்தானையால் பிள்ளைகளின் தலையைத் துவட்டியபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த சொந்தங்களே! நாற்காலி கிடைத்தும் உட்காராமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளன் வேல்ராஜ் வணங்குகிறேன்.

ஆனி பிறந்துவிட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நம் சங்கத்தின் சாரல் விருந்து. இந்த நேரம் பார்த்துப் பழைய கொரோனா மறுபடியும் தெருவுக்குள் வந்திருக்கிறது. நம் மேலத்தெருவில் மட்டும் ஏழு வீட்டில் காய்ச்சல். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் விருந்தை நிறுத்து என்றார். ஒருவர் நடத்து என்றார். இந்த முறை அரசாங்கம் எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை. எத்தனை பேர் கூடுவது, எவ்வளவு தூரம் விலகுவது, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டும்.

நாமே முடிவு செய்தால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என்ன மகாராஜா தம்பி, அங்கே என்ன முணுமுணுப்பு? விருந்தைப் பற்றிப் பேசச் சொன்னால் மாமா பழைய கதையை எடுக்கிறார் என்கிறீர்களா? பழைய கதைதான். நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாத கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அலை அடித்த அந்தச் சித்திரை மாதத்தை மறந்துவிட்டீர்களா? ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டித் தென்காசித் தெருத் தெருவாகப் போனவன் நான். "விலகி இருங்கள், வீட்டில் இருங்கள், விழித்திருங்கள்!" என்று முழங்கியது இதே தொண்டை. ஊருக்கெல்லாம் சொன்னேன். கல்யாண மண்டபத்து வாசலில் தலை எண்ணி ஐம்பத்தோராவது ஆளைத் திருப்பி அனுப்பினேன். யார் வீட்டுக் கல்யாணத்தில்? அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில்!

அதே மாதத்தில் என் அக்கா சங்கரேஸ்வரி தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். அத்தான் இறந்த பிறகு தனியாளாக வளர்த்த மகள், உமாராணி. அதோ, மூன்றாவது வரிசையில் மடியில் பிள்ளையோடு இருக்கிறாள். தாய்மாமன் நான்தான் எல்லாம். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றது உத்தரவு. எங்கள் பட்டியலிலோ முந்நூறு பேர். யாரை விடுவது? யாரை விட்டாலும் ஏழு தலைமுறைக்குப் பேச்சு நிற்காதா?

அப்போது இந்த மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. ஐம்பது பேர்தானே? பந்திக்கு ஐம்பது பேர்! ஒரு பந்தி சாப்பிட்டுக் கிளம்பியதும் அடுத்த பந்தி உள்ளே வரட்டும். ஆறு பந்தி. எந்த நேரத்தில் எண்ணினாலும் ஐம்பதுதான் இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! சொந்தமெல்லாம் என்னை மெச்சியது. சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

வந்தவர்கள் ஆறு பந்தியாகப் பிரிந்து வந்தார்கள். வாசலில் நின்றவள் ஒருத்தி. சந்தனக் கும்பாவோடு முந்நூறு பேரையும் கைப்பிடித்து அழைத்தவள் ஒருத்தி. ஆறு பந்தியிலும் இலைக்கு இலை குனிந்து "இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடுங்க" என்று கேட்டவள் ஒருத்தி. அந்த ஒருத்தி என் அக்கா. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். "மூடிக்கோ அக்கா" என்றேன். "மூஞ்சிய மூடிக்கிட்டு வாங்கன்னு சொன்னா மதிக்காத மாதிரி இருக்கும்லாடே" என்றாள். நானும் சரி என்று போய்விட்டேன்.

இதுவரை சொன்னது உங்களில் பலருக்குத் தெரியும். இனிச் சொல்லப்போவது இரண்டே பேருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆய்க்குடியிலிருந்து எங்கள் அத்தை மகன் மணிமுத்து போன் செய்தான்.

"அத்தான், ரெண்டு நாளா மேலுக்குச் சொகமில்ல. தொண்டை கரகரங்குது. ஊரே கெட்டுக் கெடக்கு, நான் வரல. மதினிட்ட நீங்களே சொல்லிருங்க."

எவ்வளவு நல்ல புத்தி! ஜீப்பில் நான் ஊருக்குச் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த ஒரே மனிதன்! அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"ஏலே, மாத்திரையப் போட்டுட்டு வந்து சேரு. இருக்கது ஒத்த அத்த மகன். நீ எங்கன்னு நாலு பேரு கேட்டா என் மூஞ்சிய எங்கலே வைக்க? நாளைக்கு நீ வரலன்னா, எங்க வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் வரக் கூடாது. இதோட சரி."

வந்தான். மாத்திரை போட்டுக்கொண்டு, முதல் பந்தியில் வந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவனுக்குக் கொரோனா என்று தெரிந்தது. ஆறாம் நாள் அக்காவுக்கு. இருபதாம் நாள் அக்கா இல்லை.

அக்கா கிடந்த கொரோனா வார்டில் கடையநல்லூரைச் சேர்ந்த மாஜிதா என்ற நர்ஸ் இருந்தார். முந்நூறு பேரை வரவேற்ற என் அக்காவுக்குக் கடைசியில் பக்கத்தில் இருந்தது அந்த ஒருவர்தான். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "கடைசிப் பந்தி வரைக்கும் எல்லாரும் சாப்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க சார்" என்றார்.

சுடுகாட்டுக்கு எண்ணி இருபது பேர். மணிமுத்து குணமாகி எழுந்து, நடக்கத் தெம்பில்லாமல் வந்து தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றான். நம் ஆட்கள் விட்டார்களா? "நீதாம்லே கொண்டாந்த! கல்யாணத்துக்கு வந்து தாயக் கொன்னுட்டு இப்பம் எதுக்குலே வந்த?" என்று விரட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்துகொண்டேன்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. முந்நூறு பேரில் யாரோ ஒருவர். ஆனால் இந்த ஊர் ஒருவன் தலையில் அதைக் கட்டியது. நான்கு வருஷமாக அவனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை போகவில்லை, சாவு விழுந்தால் ஒரு துட்டிச் சேதி போகவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேல்ராஜ் அத்தான் கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் கத்தத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரி வரவில்லை. பயந்தேன். இந்தப் பிள்ளை உமாராணி என் முகத்தில் விழிக்க மாட்டாளே என்று பயந்தேன்.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து யாரும் தட்டாதீர்கள். இது தட்டுகிற இடமில்லை.

தலைவர் அவர்களே, விருந்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. நடக்கட்டும். சுவருக்குள் வேண்டாம், திறந்தவெளியில் நடக்கட்டும். இலைக்கும் இலைக்கும் இடம் விட்டுப் போடுங்கள். வாசலில் கையைப் பிடிக்காமல் கும்பிட்டு அழையுங்கள். இருமுகிறவர்களும் உடம்பு முடியாதவர்களும் வீட்டில் இருக்கட்டும். ஆனால் எத்தனை விதி எழுதினாலும், வராதவன் மீது நாம் கோபப்படுகிற வரைக்கும் அத்தனையும் வீண்! நோயோடு நம்மைக் கூட்டிவருவது எது? ஆசையா? இல்லை. பசியா? இல்லை. வரவில்லை என்றால் உறவு போய்விடும் என்கிற பயம்! அந்தப் பயத்தைக் கொடுத்தது யார்? நான். நீங்கள். நாம்!

ஆகவே ஒரே ஒரு தீர்மானம் கேட்கிறேன். "நான் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. இரண்டாவது முறை கூப்பிடக் கூடாது. நல்லதுக்கும் சரி, கெட்டதுக்கும் சரி. இதை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே மணிமுத்து என்கிற பெயரையும் எழுதுங்கள். அவன் வர மாட்டேன் என்றுதான் சொன்னான். வரவைத்தவன் நான்.

உமா... எந்திரிச்சிட்டியா தாயி?

யாரும் மறிக்காதீங்க. ஆச்சி, அவ கையப் பிடிக்காதீங்க, விடுங்க. போகட்டும். மாமா பேச்சு முடியிறவரைக்கும் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. பிள்ளை தலையில சாரல் படாமப் பாத்துப் போ தாயி.

போகிறவரைப் போக விடுவதுதான் நான் கேட்ட தீர்மானம். முதலில் அது எனக்குப் பொருந்தட்டும்.

பேச வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு நன்றி. தொடக்கத்தில் இங்கே வந்தவர்களை எல்லாம் வணங்கினேன். முடிக்கும்போது, வராமல் இருப்பவர்களை வணங்குகிறேன்.